வெறும் போசி

1

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கடத்தூர் வண்டிக்காக நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் யாராவது கேட்பார்கள், "ஜெர்மனில என்னாம்மா வேல?" "கம்ப்யூட்டர்ங்க" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் விளக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது. இத்தனை வருஷமாக அந்த ஒற்றைச் சொல்லை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

இந்த முறை கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இந்த வசந்தத்தில் ஆபீஸில் நான் கட்டிக்கொண்டு அழுத ஒரு கோளாறும், எனக்கும் என் மகளுக்கும் நடுவே விழுந்த மௌனமும் ஒரே சமயத்தில் ஓடின. ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வரவில்லை.

மகள் பெயர் இனியா. நாங்கள் இருப்பது டிரெஸ்டனில். அவள் போன வருஷம் படிப்புக்காக வடக்கே கடலோரத்தில் இருக்கும் கீல் நகரத்துக்குப் போனாள். ரயில் ஏறினால் பாதி நாள் போய்விடும். சண்டை கிண்டை ஒன்றுமில்லை. பேச்சுதான் தானாகக் குறைந்து குறைந்து நின்றுபோனது. நான் கூப்பிட்டால் "நல்லாருக்கேம்மா, கிளாஸ்ல இருக்கேன்" என்பாள். ஈஸ்டர் லீவுக்கு வருவாள் என்று அவள் அறையைக் கூட்டி, மெத்தை விரிப்பெல்லாம் மாற்றி வைத்தேன். "வேலை இருக்கும்மா" என்று ஒரு வரி வந்தது, அவள் வரவில்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் கழன்றுகொள்வார்கள் என்று இங்கே முன்பே வந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். நம் பிள்ளை அப்படியில்லை என்று எல்லாத் தாயையும் போல நானும் நினைத்திருந்தேன். இப்போது அதே விரிப்பைப் பார்த்தாலே சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் கவலைப்படவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவே ஃபுட்பால் இருக்கிறது. யார் கோல் போட்டாலும் இரண்டு பேர் போனும் டிங் டிங் என்று அடித்துக்கொள்ளும். எனக்கு அப்படி ஒரு பந்து இல்லை.

2

எங்கள் கம்பெனி செய்வது கைக்கடக்கமான ஒரு பெட்டி. மலையோரத்துச் சின்ன ரயில் நிலையங்களில், எந்த வண்டி எப்போது வரும் என்று காட்டும் பலகைக்கு அதுதான் தகவலை வாங்கிக் கொடுக்கும். இந்தப் பெட்டிகளில் ஏதாவது ஒன்று எப்போதாவது நின்றுவிடும். செத்துப்போகாது. பச்சை விளக்கு எரியும், கேபிள் சரியாக இருக்கும். ஆனால் காலையில் போய்விட்ட ரயிலை மத்தியானம் வரைக்கும் பலகை "இதோ வருகிறது" என்று காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பலகையை நம்புகிறவர்கள். ரயில் இல்லாத தண்டவாளத்தைப் பார்த்தபடி குடையோடு நிற்பார்களாம்.

ஆள் போய் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். சரியானதும் புகார்த் தாளில் "தீர்க்கப்பட்டது" என்று முத்திரை விழும். தீர்க்கப்பட்டதைத் திறக்க வேண்டுமானால் வேறொரு விண்ணப்பம், அதற்கு வேறொரு மேலாளர். நம் ஊர் தாலுகா ஆபீஸை நான் இனிக் குறை சொல்லமாட்டேன். அங்கே அலைய விடுவார்கள், இங்கே அலையாமலே முடிந்துவிட்டது என்பார்கள்.

கடைசியில் அந்தக் கோளாறு என் தலையில் விழுந்தது. கூட வேலை பார்ப்பவர் பெயர் உவே. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தாடிக்காரர், அளந்து பேசுகிறவர். எங்கள் ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அது இன்னும் பழகவில்லை. வயசில் பெரியவரை நீ என்று சொல்ல நாக்கு கூசுகிறது. நீ என்று தொடங்கி, பாதியில் தன்னால் நீங்க என்று மாறிவிடுவேன். இங்கே பழகிய ஆளைத் திடீரென்று நீங்க என்றால் கோபித்துக்கொண்டு விலகுவதாக அர்த்தம். "நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?" என்று உவே அடிக்கடி கேட்பார். மரியாதை கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கோளாறு இருந்தது டிரைவரில். டிரைவர் என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு நிரல், அதாவது புரோகிராம். வெளியிலிருந்து தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாக வரும். அதை வாங்கிக்கொள்ள ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பிடம் டிரைவர் முன்கூட்டியே மெமரியிலிருந்து சில வெற்றுப் பாத்திரங்களை எடுத்து வரிசையாக வைத்துவிட வேண்டும். பஃபர் என்பார்கள். பொட்டலம் வந்ததும் சிப் ஒரு பாத்திரத்தை நிரப்பி, "நிறைந்துவிட்டது" என்று டிரைவரைத் தட்டி எழுப்பும். டிரைவர் எழுந்து நிறைந்ததை உள்ளே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒரு வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். வேலை இவ்வளவுதான்.

மெமரி தட்டுப்பாடாக இருக்கும்போது என்ன ஆகும் என்று பார்க்க, வேண்டுமென்றே மெமரியைத் தின்று தீர்க்கும் ஒரு நிரலை எழுதி ஓட்டினேன். கூடவே பொட்டலங்களைச் சரமாரியாக அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி நின்றது. சந்தோஷத்தில் உவேயைக் கூப்பிட்டேன். ஒளிந்திருந்த கோளாறு கண்ணெதிரே வந்து நின்றால் எங்கள் தொழிலில் அது திருவிழா மாதிரி.

"மெமரி இல்லை, அதனால் நின்றது. இதில் என்ன ஆச்சரியம்?" என்றார் உவே.

சரி என்று அந்தத் தின்னிப் பண்டார நிரலை நிறுத்தினேன். மெமரி மொத்தமும் விடுபட்டது. இனிமேல் எத்தனை பாத்திரம் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். ஆனால் பெட்டி நகரவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அப்படியேதான் இருந்தது.

உவே தாடியைச் சொறிந்தார். "இப்போது ஆச்சரியமாக இருக்கிறது" என்றார்.

3

டிரைவரின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோது பிடிபட்டது. வெறும் பாத்திரம் கிடைக்காதபோது டிரைவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, "அடுத்த பொட்டலம் வரும்போது வைத்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொன்றாகக் கடைசிப் பாத்திரமும் தீர்ந்துவிடுகிறது. இப்போது பொட்டலம் வந்தாலும் சிப்பிடம் வாங்கப் பாத்திரம் இல்லை, கீழே போட்டுவிடுகிறது. எதுவும் நிறையாததால் டிரைவரை எழுப்புவதில்லை. எழுப்பாததால் டிரைவர் பாத்திரம் வைப்பதில்லை. வெறும் பாத்திரத்துக்காகச் சிப் காத்திருக்கிறது, நிறைந்த பாத்திரத்துக்காக டிரைவர் காத்திருக்கிறது. பின்னால் மெமரி குவிந்து கிடக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸில் சத்தம் போட்டுச் சிரித்தேன். இது எங்கள் வீடும் கௌரக்கா வீடும்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எங்களுக்கும் கௌரக்கா வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், வெளியே தமிழ். அம்மாவும் கௌரக்காவும் குழம்பு கொடுத்து வாங்காத நாள் கிடையாது. அவரைக்கொட்டைக் குழம்பு இங்கிருந்து போகும், கொள்ளு மசியல் அங்கிருந்து வரும். எல்லாம் தூக்குப்போசியில்தான். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்போம். வந்த போசியை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எழுதாத சட்டம். கழுவி, எதையாவது போட்டுத்தான் தர வேண்டும். ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது.

நான் ஏழாவது படிக்கும்போது மழை பொய்த்தது. கிணற்றில் அடி தெரிந்தது. வீட்டில் களியும் உப்புமிளகாயுமாக ஓடிக்கொண்டிருந்த நாட்கள். கௌரக்கா வீட்டுத் தூக்குப்போசி இரண்டு எங்கள் அலமாரியில் கழுவிக் கவிழ்த்து இருந்தன. சர்க்கரை போட்டு ஒருமுறை கொடுத்தாகிவிட்டது, இரண்டாம் முறையும் கொடுத்தாகிவிட்டது. மறுபடியும் சர்க்கரையா என்று அம்மாவுக்குக் கூச்சம். அதுவும் ரேஷன் சர்க்கரை டீக்கே காணாது.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"வெறும் போசியவா? அவங்க வூட்ல என்னா நெனைப்பாங்க? ஏதாச்சும் ஆவட்டும், அப்பறம் குடுக்கலாம்" என்றார் அம்மா.

வேலிக்கு அந்தப் பக்கமும் கூச்சம்தான். அவர்கள் வீட்டில் இருந்த தூக்குப்போசியே அந்த இரண்டுதான். அவர்கள் எதையாவது செய்தாலும் கொடுத்தனுப்பப் போசி இல்லை, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வாய் எழவில்லை. போசி நின்றதும் போக்குவரத்தும் நின்றது. குழாயடியில் கௌரக்காவைப் பார்த்தால் அம்மா குடத்தைப் பார்ப்பார். கடன்பட்டார் நெஞ்சம் மாதிரி இரண்டு பேரும் ஒளிந்துகொண்டு திரிந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஏதோ தகராறு என்று தெருவில் பேச்சு வந்துவிட்டது. சமாதானம் பண்ணி வைக்கக்கூட ஒருவர் வந்தார். எதற்காகச் சமாதானம் என்று அம்மாவுக்கே விளங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் கௌரக்கா விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் வந்தார். அலமாரியிலிருந்து தன் இரண்டு போசியையும் எடுத்தார். அம்மா பதறிவிட்டார்.

"அக்கா, வெறும் போசிங்க்கா அது! கொஞ்சம் இருங்க, புளியாச்சும் போட்டுத் தரேன்."

"சும்னிரும்மா. எனக்கு வெறும் போசிதான் வேணும். நெறஞ்ச போசிய வெச்சிக்கிட்டு நான் எதுல ஊத்தறது? எங்கண்ணன் பென்னாகரத்துல இருந்து மீன் கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கான். கொழம்பு அடுப்புல கொதிக்குது, ஒனக்கு ஊத்த வூட்ல ஒரு போசி கெடையாது."

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் களியும் ஆற்றுமீன் குழம்பும். இன்று வரைக்கும் அந்த ருசியில் ஒரு மீன் எனக்கு வாய்க்கவில்லை. இங்கே கிடைக்கும் மீனுக்கு முள்ளும் கிடையாது, குணமும் கிடையாது.

4

இதை உவேயிடம் சொன்னேன். போசி என்பதை ஜெர்மனில் சொல்ல நான் பட்ட பாடு தனிக் கதை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உன் அம்மா ஏன் முதல் நாளே பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை?"

"வெறுமையாகக் கொடுக்கக்கூடாது."

"பாத்திரம் அவர்களுடையதுதானே?"

"அவர்களுடையதுதான்."

"பிறகு?"

டீ ஊற்றிக் கொடுத்தேன்.

கோளாறைச் சரிசெய்யச் சில வரிகள்தான் தேவைப்பட்டன. பாத்திரம் வைக்க முடியாமல் போனால் யாராவது எழுப்புவார்கள் என்று காத்திருக்காமல், சற்று நேரம் கழித்துத் தானே எழுந்து மறுபடி முயன்று பார்க்கும்படி எழுதினேன். உவே அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எங்கள் தொழிலில் சும்மா எழுந்து பார்ப்பது கௌரவக் குறைச்சல். வேலை வந்தால்தான் எழ வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் வீண்.

"ஒன்றுமே வராதபோது எதற்கு எழ வேண்டும்?" என்றார்.

"எழாவிட்டால் எப்போதும் ஒன்றும் வராது" என்றேன்.

சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. நான் டிரைவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் கண் கலங்கிவிட்டது. உவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனிதர். அன்று சாயங்காலமே என் வரிகளை ஏற்றுக்கொண்டார்.

5

இனியா கீலுக்குப் போன புதிதில் நான் மாதத்துக்கு இரண்டு பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, ஊறுகாய், கெட்டுப்போகாத புளிக்காய்ச்சல். எல்லாம் மூடி போட்ட டப்பாக்களில். பார்சல் போட்டதும் கூப்பிடுவேன், "அனுப்பிட்டேன்." சேர்ந்ததும் அவள் கூப்பிடுவாள், "வந்துருச்சும்மா." நடுவே நாலு வார்த்தை. பிறகு ஒருநாள் அவள், "அம்மா, அஞ்சு பேருக்கு ஒரே ஃபிரிட்ஜ். எடமே இல்ல, இனி அனுப்பாத" என்றாள். நியாயம்தான். நிறுத்தினேன்.

பார்சல் நின்றதும் பேச்சும் நின்றது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்று போனை எடுப்பேன். என்ன சொல்ல? ஊரில் கல்யாணம் இல்லை, பரீட்சை ரிசல்ட் இல்லை, தகவல் என்று கையில் ஒன்றும் இல்லை. வெறுமனே எப்படிக் கூப்பிடுவது, ஏதாவது விஷயம் வரட்டும் என்று கீழே வைத்துவிடுவேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஆன்லைன் என்று காட்டும். பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடுவில் எங்கள் குடியிருப்பின் பராமரிப்பாளர் வந்தார். இங்கே தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால் வரும். இனியா கீலில் தன் முகவரியைப் பதிவு செய்துகொண்டதால் எங்கள் பெட்டியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். ஒழுங்கு தவறாத மனிதர், புதுப் பெயர்த்துண்டு அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். "இருக்கட்டும்" என்றேன். "இங்கே வசிக்கவில்லையே?" என்றார். "வருவாள்" என்றேன். என் ஜெர்மனில் எதிர்காலம் எப்போதும் தகராறுதான், அன்றைக்குத் தப்பில்லாமல் வந்தது.

6

கோளாறு தீர்ந்த வாரம், சனிக்கிழமை மத்தியானம், கையில் எந்த விஷயமும் இல்லாமல் இனியாவைக் கூப்பிட்டேன்.

எடுத்ததும், "என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு? அம்மாயிக்கா?" என்றாள். அம்மாயி என்று அவள் சொல்வது என் அம்மாவை.

வெளிநாட்டு வீடுகளில் காரணம் இல்லாத போன் என்றால் ஊரில் சாவு. எங்கள் வீட்டில் அவள் அப்படித்தான் வளர்ந்திருக்கிறாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லடி. எல்லாரும் நல்லாருக்காங்க."

"பின்ன?"

"சும்மாதான் கூப்ட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், இருந்தது.

"கோவமாம்மா?" என்றாள்.

"எனக்கென்னா கோவம்?"

"ஈஸ்டருக்கு வரலன்னு."

"வேலைன்னு சொன்னியே."

"வேலையெல்லாம் இல்லம்மா." இனியாவின் தமிழ் எங்கள் ஊர்த் தமிழ்தான். சென்னைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அவள் மாற்றிக்கொள்ளவில்லை. "உன் டப்பா பன்னெண்டும் எங்கிட்டதான் கீழ கட்டிலுக்கடியில இருக்குது. எல்லாத்தயும் கழுவி வெச்சிருக்கேன். வெறும் டப்பாவா எப்பிடி வூட்டுக்குத் தூக்கிட்டு வர்றது? நம்ம மாடிவீட்டுப் பாட்டியம்மா கேக் குடுத்தனுப்பற டின்ன நீ ஒருவாட்டிகூட வெறுசாத் திருப்பிக் குடுத்தது கெடையாது. முறுக்கு இல்லன்னா ஆப்பிளாச்சும் போட்டுத்தான் குடுப்பே."

இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

"எள்ளுருண்டை செஞ்சு பாத்தேன். பாகு கல்லாப் போச்சு, இங்க ஒரு பையனுக்குப் பல்லு ஆட்டம் கண்டுருச்சு. முறுக்கு எண்ணெய்ல போட்டதும் பிரிஞ்சு போச்சு. கடைல வாங்கிப் போட்டுக் கொண்டாந்தா அது ஏமாத்து வேலை. அதான், நல்லா வந்ததும் வரலாம்னு..."

"அதுக்காடி வரல?"

"பின்ன எதுக்கு?"

கழன்றுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண், எங்கள் ஊரின் எழுதாத சட்டத்தைப் பால்டிக் கடலோரத்தில் ஒரு கட்டிலுக்கடியில் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுதேன்.

"வெறுசாவே கொண்டா" என்றேன். "ஒண்ணும் போட வேணாம். என் டப்பா எனக்கு வேணும்."

"சரிம்மா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நீயும்தான் போனே பண்ணல."

"நீதானேடி ஃபிரிட்ஜ்ல எடமில்ல, பார்சல் வேணாம்னே?"

"பார்சல்தான் வேணாம்னேன். போன் வேணாம்னா சொன்னேன்?"

அவள் சமையலறையில் குழாய் திறந்து மூடியது கேட்டது. எங்கள் தெருவில் டிராம் போனது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"பேச ஒண்ணும் இல்லியேம்மா. வெச்சிடட்டுமா?"

"வெக்காத. நீ பாட்டுக்கு ஒன் வேலயப் பாரு."

அந்தப் பக்கம் கதவு திறந்தது. கூடத் தங்கியிருக்கும் பெண் யாரோ உள்ளே வந்து, யார் போனில் என்று ஜெர்மனில் கேட்டாள்.

"எங்கம்மா."

"என்ன வேண்டுமாம்?"

"ஒன்றுமில்லை" என்றாள் இனியா. போனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். பிறகு வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.